முற்பகல் ஒருவர், பிற்பகல் ஒருவர்

ஆதாரக்காரர் என்ற பட்டப்பெயரைத் தனக்கு யார் வைத்தார்கள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத காரணத்தால் அலுவலகத்தில் இருந்த பதினான்கு பேரையும் பாரபட்சம் இல்லாமல் சந்தேகப்பட்டு வந்தார். பெயர் என்னவோ பொருத்தமானதுதான். மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னால்கூட யார் சொன்னது என்று கேட்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

பிறவியிலேயே அப்படி என்று சொல்ல முடியாது. அவருடைய அப்பா ஒரு காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, இருந்த வீட்டைக் கோட்டை விட்டவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் வாழ்த்து அட்டை வந்தால்கூட முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவார்கள். அந்தப் பழக்கம் மகனுக்குச் சோறு போட்டது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

அவர் வேலை பார்த்தது அகராதி போடும் ஓர் அலுவலகத்தில். ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, லத்தீனில் என்னவாக இருந்தன என்பதை மாணவர்களுக்குத் தமிழில் விளக்கும் அகராதி அது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையின் முன்பக்கத்தில் சொல்லும் அதன் வேரும் இருக்கும். பின்பக்கத்தில், அந்தச் செய்தி எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்பதை எழுத வேண்டும். பின்பக்கம் காலியாக வந்த அட்டையை ஆதாரக்காரர் படிக்கவே மாட்டார். இரண்டு விரலால் தூக்கி, "பின்பக்கம் எங்கே?" என்று ஒரே கேள்வி கேட்டு, எழுதியவர் மேஜைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

சொற்களின் பிறப்பைப் பற்றிக் கதை கட்டாதவர்கள் உலகத்தில் குறைவு. 'சின்சியர்' என்றால் மெழுகு இல்லாதது, அந்தக் காலத்துச் சிற்பிகள் சிலையில் விழுந்த கீறலை மெழுகு வைத்து மறைப்பார்களாம், அப்படி மறைக்காத சிலையிலிருந்து வந்த சொல்லாம் என்று ஒரு புதுப்பையன் நெகிழ்ந்துபோய் எழுதி வந்தான். ஆதாரக்காரர் அதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். லத்தீனில் அந்தச் சொல்லுக்குச் சுத்தமானது என்றுதான் பொருள், மெழுகைக் கொண்டுவந்து ஒட்டியது பின்னால் வந்தவர்கள் என்றார். கதை அழகாக இருந்தாலே அவருக்கு மூக்கு வியர்க்கும்.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அதன் பெயர் 'ரைவல்'.

போட்டியாளன் என்று நாம் சொல்லும் அந்தச் சொல்லுக்கு வேர், லத்தீனில் சிற்றோடையைக் குறிக்கும் 'ரீவுஸ்'. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இரண்டு பேரில் ஒருவன் 'ரீவாலிஸ்'. தண்ணீரைப் பங்கு போட்டவன்தான் நாளடைவில் எதிரி ஆனான். நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பங்காளி என்றதும் வக்கீல் முகம் நினைவுக்கு வருகிறவர்கள் நாம். இதுவரைக்கும் எல்லா நல்ல புத்தகங்களிலும் உள்ளதுதான். ஆனால் ஆதாரக்காரரின் அட்டையில் கூடுதலாக ஒரு வரி இருந்தது. "ரோமானியரின் வழக்கப்படி முற்பகலில் ஒருவரும் பிற்பகலில் ஒருவரும் மடை திறந்தார்கள், நடுப்பகலில்தான் சண்டை வந்தது."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் வருஷத்தில், வாரத்துக்கு நூற்று நாற்பது அட்டை எழுதிய காலத்தில் எழுதியது. அப்போதைய முதலாளி எல்லோர் எதிரிலும் அந்த வரியைச் சத்தமாகப் படித்து, யார் இந்தப் பையன் என்று கேட்டார். அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது. பின்னால் லத்தீன் நன்றாகப் பிடிபட்டதும் ஆதாரக்காரர் அந்த வழக்கத்துக்கு லத்தீன் நூல்களில் சான்று தேடினார். எங்கேயும் இல்லை. அப்படியானால் சின்ன வயதில் அழகுக்காகத் தானே கற்பனை செய்து சேர்த்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அடுத்தவன் கதை என்றால் ஒரே கோட்டில் அடித்திருப்பார். தன்னுடையது என்றதும் கை வரவில்லை. எங்கேயும் கிடைக்காத வரி, நான் தோண்டி எடுத்தது என்று வருகிறவர் போகிறவரிடம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அது அவர் சொத்தாகிவிட்டது.

அதோடு நிற்கவும் இல்லை. அவரும் அவர் மனைவியின் தம்பியும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து இரண்டு குழாய், இரண்டு வால்வு. தண்ணீர் போதாமல் இரண்டு குடும்பமும் முணுமுணுத்தபோது ஆதாரக்காரர் ரோமாபுரிச் சட்டத்தை அமல்படுத்தினார். பன்னிரண்டு மணி வரை கீழ்வீட்டு வால்வு, அதற்குப் பிறகு மேல்வீட்டு வால்வு. மைத்துனரின் மனைவி பதினொரு வருஷமாக மாடிப்படியில் வாளி தூக்கிக் காலைச் சமையல் செய்தாள். மைத்துனர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசாத ஆள் மனதில் என்ன வைத்திருக்கிறானோ என்று அதையும் ஆதாரக்காரர் குறித்துக்கொண்டார்.

மைத்துனருக்கும் அதே அலுவலகத்தில்தான் வேலை. சேர்த்துவிட்டதே இவர்தான். பழைய கையெழுத்து அட்டைகளின் முன்பக்கத்தை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியது மைத்துனர். மூன்று வருஷம் பிடித்தது. ஏற்றி முடித்த பிறகு அசல் அட்டைகள் கீழ்த்தளத்து இருட்டறைக்குப் போயின. அதன் பின் அவற்றை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இந்த வருஷம் அகராதியின் புதிய பதிப்பு வர இருந்தது. முதல் தடவையாக முன்பக்கத்தில் சொல்வேர் ஆசிரியர் என்று ஆதாரக்காரரின் பெயர் அச்சாகும் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். பழைய முதலாளியின் மருமகள் அவர், சொன்னால் செய்கிறவர். ஆதாரக்காரர் அதையும் முழுதாக நம்பவில்லை, ஆனால் தனியாக இருக்கும்போது அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெரிய சனியன் வந்து சேர்ந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொரு பதிப்பகம் தானும் ஒரு சொல்வேர் அகராதி போட்டிருந்தது. ஆதாரக்காரர் ஒரு பிரதி வாங்கி வந்து, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். 'ரைவல்' வந்தது. ஓடை வந்தது. அடுத்த வரியில் முற்பகலும் வந்தது, பிற்பகலும் வந்தது. வாக்கியம்தான் வேறு, சரக்கு ஒன்று.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது அவருக்கு. உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத, தன் மண்டையிலிருந்து மட்டுமே வந்த ஒரு விஷயம் இரண்டு தெரு தள்ளி எப்படிப் போகும்? யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் போகும்.

முதலாளியம்மாவின் அறையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார். பொதுவான விஷயம்தானே, அவர்களும் எங்கேயாவது படித்திருக்கலாமே என்றார் முதலாளியம்மா. எங்கேயும் படிக்க முடியாது என்றார் இவர். அதெப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் ஆதாரக்காரர் மாட்டிக்கொண்டார். நானே கற்பனை செய்து எழுதினேன் என்று சொன்னால் இருபத்திரண்டு வருஷ மரியாதை காற்றில் போய்விடும். அவர் வாய் அவரைக் கேட்காமலே ஒரு பதிலைக் கண்டுபிடித்தது.

"அது பொறிம்மா. திருடறவனைப் பிடிக்க நானே வெச்ச பொய். சில அகராதிக்காரங்க இப்படி ஒண்ணு ரெண்டு வெப்பாங்க. இப்ப எலி மாட்டிடுச்சு."

அந்த நிமிஷம் வரைக்கும் அது பொறி என்று பொறி வைத்தவருக்கே தெரியாது.

பழைய பதிப்புகளில் இடம் போதாமல் அந்த வரி சேரவில்லை; அது இருந்த, அச்சுக்குப் போகாத கோப்பைத் திறக்கக் கூடியவர்கள் மூன்றே பேர். முதலாளியம்மா, ஆதாரக்காரர், மைத்துனர். முதலாளியம்மா தன் பொருளைத் தானே திருடிக்கொள்ள மாட்டார். தன்னையும், தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னதையும் ஆதாரக்காரர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. போன மாதம் மைத்துனர் அந்தப் பதிப்பகக் கட்டடத்திலிருந்து வெளியே வந்ததை அவரே கண்ணால் பார்த்திருந்தார். போதாததற்கு, மைத்துனர் புதிதாக ஒரு தோள்பை வேறு வாங்கியிருந்தார்.

கூப்பிட்டு விசாரித்தார்கள். அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பல் டாக்டர் இருக்கிறார், கடைவாய்ப் பல் பிடுங்கப் போனேன் என்றார் மைத்துனர். சீட்டையும் காட்டினார். டாக்டரின் கையெழுத்து ஆதாரக்காரருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் அதற்காகவும் சந்தேகப்பட்டிருப்பார். வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டட்டுமா என்று மைத்துனர் கேட்டார். பல் எப்போது போனது என்பதற்கு வாய் ஆதாரம் ஆகாது என்றார் இவர். மைத்துனர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். பிறகு, "நான் எடுக்கலை, அத்தான்" என்றார், ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் அவர் வாதாடவே இல்லை. அதுவே குற்றத்துக்குச் சாட்சி என்று ஆதாரக்காரர் நினைத்தார்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குள் கடிதம் தயாராகும் என்றார் முதலாளியம்மா. வேலை போவதோடு முடிகிற விஷயம் இல்லை அது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்தால் ஒரு வேன் நிரம்பாது. அட்டை திருடியவன் என்று ஒரு இடத்தில் சொன்னால் மற்ற எல்லா இடத்திலும் கதவு சாத்திவிடும். மைத்துனருக்கு நாற்பத்தாறு வயது. படிக்கிற இரண்டு பெண்கள். இதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

வீட்டில் ஆதாரக்காரரின் மனைவி சட்டியை வைத்த வைப்பிலேயே விஷயம் அங்கேயும் வந்துவிட்டது தெரிந்தது. தன் தம்பி பொய் சொன்னால் அவன் காது சிவக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சிவக்கவில்லை என்றாள். காது ஆதாரம் ஆகாது என்று இவர் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எதுதான் ஆதாரம்? இருபது வருஷம் கூட இருந்து பார்த்தது ஆதாரம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பை அணைத்தாள்.

அதன் பிறகு மூன்று நாளும் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மேல்வீட்டில் அதுவும் இல்லை. ஆதாரக்காரர் ராத்திரிச் சாப்பாட்டின்போது கூரையை நிமிர்ந்து பார்ப்பார். காலடிச் சத்தம் கேட்டால் எங்கே போகிறான் என்று தோன்றும். கேட்காவிட்டால் என்ன செய்கிறான் என்று தோன்றும். புதன்கிழமை காலை மனைவிக்குப் பதில் மைத்துனரே வாளியோடு இறங்கி வந்து, கீழ்க்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார். வெட்கம் கெட்டவன் என்று இவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளியம்மா கூப்பிட்டார். கடிதத்தை வக்கீல் பார்த்தாராம். அந்த வரி நம்முடையதுதான் என்பதற்கு முதன்முதலில் எழுதிய அட்டை வேண்டும் என்றாராம். பொறி வைத்ததாகச் சொல்கிறீர்களே, அசல் அட்டையை எடுத்து வாருங்கள் என்றார். ஆதாரக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. தன் கேள்வியைத் தன்னிடமே ஒருவர் கேட்கிறார் என்பது அப்போது உறைக்கவில்லை.

கீழ்த்தளத்து அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பாதி அடைபட்டிருந்தது. பழைய அட்டைகள் மரப்பெட்டிகளில் எழுத்து வரிசைப்படி இருந்தன. கரப்பான் பூச்சி மருந்து வாசனை மூக்கை அரித்தது. ஏழாவது பெட்டியில் அந்த அட்டை கிடைத்தது. ஓரம் மஞ்சளாகியிருந்தது. தன் இளமைக் காலத்துக் கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. முற்பகல், பிற்பகல், நடுப்பகல் சண்டை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

பழக்கதோஷத்தில் அட்டையைத் திருப்பினார்.

பின்பக்கம் காலியாக இல்லை. "பழுப்பு இரண்டு, பக்கம் 417" என்று எழுதியிருந்தது. அதுவும் அவர் கையெழுத்துதான்.

முதலில் அவர் மனதில் வந்தது ஒரே எண்ணம். மைத்துனன் இங்கே வந்து, என் எழுத்தைப் போலவே எழுதி வைத்துவிட்டான்!

ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மையின் நிறத்தை முன்பக்கத்தோடு ஒப்பிட்டார். நகத்தால் சுரண்டினார். பக்கத்து அட்டைகள் பத்தை எடுத்து வரிசையாக வைத்தார். அந்தக் காலத்தில் அவரிடம் இருந்தது முனை பிளந்த ஒரு பேனா; கீழ்நோக்கி இழுக்கும் கோடெல்லாம் இரட்டைக் கோடாக விழும். பத்து அட்டையிலும் இரட்டைக் கோடு. இதிலும் இரட்டைக் கோடு. அந்தப் பேனா தொலைந்தது மைத்துனர் வேலைக்கு வருவதற்கும் முன்னால்.

பழுப்பு இரண்டு என்றால் என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பழுப்பு அட்டை போட்ட இரண்டு பாகப் பழைய ஆங்கில அகராதி, இரண்டாம் பாகம். நம்பத் தகாதது என்று பதினைந்து வருஷத்துக்கு முன் இவரே அதை மாடி அலமாரியிலிருந்து கீழே இறக்கச் சொன்னார். அது இந்த அறையிலேயே மூலையில் கிடந்தது. நானூற்றுப் பதினேழாம் பக்கத்தைப் பிரித்தார். முற்பகலும் பிற்பகலும் நடுப்பகலில் வரும் சண்டையும் ஆங்கிலத்தில் அச்சாகி இருந்தன. ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. எடுத்துக்கொண்ட வரிக்கு அவர் வைக்கிற புள்ளி. அந்தப் பழுப்பு அகராதி ஒரு காலத்தில் எல்லாப் பதிப்பகங்களிலும் இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்களிடம் இல்லாமல் இருக்குமா? அவர்களும் அங்கேதான் மொண்டிருக்கிறார்கள். மொண்ட இடத்தை அவர்கள் மறந்தார்களோ இல்லையோ, இவர் மறந்துவிட்டார். ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டவர், தன் ஞாபகத்தை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போதும். கிடைக்கவில்லை, செல்லரித்துவிட்டது என்று மேலே போய்ச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. நான்கு மணிக்குக் கடிதம் போகும். அடுத்த மாதம் முன்பக்கத்தில் பெயர் வரும். கை பைக்குள் பாதி போய்விட்டது. அப்போதுதான் அட்டையின் கீழ் மூலையில் இருந்த சிவப்பு டிக்கைப் பார்த்தார்.

கம்ப்யூட்டரில் ஏற்றியபோது இவரே போட்ட விதி அது. ஏற்றுகிறவர் பின்பக்கத்தில் சொன்ன புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, சரிபார்த்த பிறகே சிவப்பு டிக் போட்டுத் தேதி எழுத வேண்டும். டிக்கின் பக்கத்தில் பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதியும் மைத்துனரின் சுழித்த கையெழுத்தும் இருந்தன.

அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். நான் தோண்டி எடுத்தது என்று அத்தான் பீற்றிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் தெரியும். அவன் மனைவி வாளி தூக்கிய ஒவ்வொரு காலையிலும் தெரியும். நாலு நாளாகத் திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு நின்றபோதும் தெரியும். ஆதாரக்காரர் அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. மனைவி பார்த்தால் சிவந்திருக்கிறது என்று சொல்லியிருப்பாள்.

மூன்றரை மணிக்கு முதலாளியம்மாவின் மேஜையில் அட்டையைப் பின்பக்கம் தெரியும்படி வைத்தார். பழுப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் விரித்து வைத்தார். பொறி என்று சொன்னது பொய், கற்பனை என்று நினைத்ததும் பொய், அந்தப் பழைய புத்தகத்தின் புளுகை எடுத்து எழுதியவன் நான், மைத்துனருக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றார். 

முதலாளியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வக்கீல் பார்த்த கடிதத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு புதிய பதிப்பின் முன்பக்க மாதிரியை எடுத்து, அதிலிருந்த ஒரு வரியை அமைதியாக அடித்தார். என்ன வரி என்று ஆதாரக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. 'ரைவல்' அட்டையைத் திருத்தி நாளைக்குக் கொடுங்கள், பின்பக்கத்தோடு என்று மட்டும் சொன்னார்.

மைத்துனர் அன்று மத்தியானமே மேஜையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். முதலாளியம்மா தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆதாரக்காரர் வீட்டுக்கு வந்து மாடிப்படியில் நான்கு படி ஏறினார், இறங்கிவிட்டார். 

மறுநாள் காலை எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனார். பதினொரு வருஷமாக முற்பகலில் யாரும் திறக்காத மேல்வீட்டு வால்வு, ராத்திரி முடுக்கி மூடியதால் இறுக்கமாக இருந்தது. துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். கீழ்வீட்டு வால்வையும் திறந்தபடியே விட்டார். கீழே, மேல்வீட்டுச் சமையலறைக் குழாய் இருமிக்கொண்டு தண்ணீர் விட்ட சத்தம் கேட்டது. வாளியோடு படியிறங்கக் கிளம்பிய மைத்துனர் சத்தத்தைக் கேட்டு மேலே ஏறி வந்தார்.

இரண்டு பேரும் தொட்டியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். ஆதாரக்காரர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"அந்த டிக்கைப் பார்த்தேன், மாப்ள. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. கூப்பிட்டு விசாரிச்சப்பவே அட்டையோட பின்பக்கத்தைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மைத்துனர் வாளியைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருந்தா நீங்க போய்ப் பார்த்திருப்பீங்க. பார்த்துட்டு, அதையும் நான்தான் எழுதி வெச்சேன்னு சொல்லியிருப்பீங்க, அத்தான்."

அப்படியெல்லாம் நினைக்க மாட்டேன் என்று சொல்ல ஆதாரக்காரர் வாயைத் திறந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்து, நகத்தால் மையைச் சுரண்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, மைத்துனரின் காலி வாளியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் படி இறங்கினார்.